ஒத்தெல்லோ முதல் அங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தைப் படித்தவர்கள் பலருக்கும் கைக்குட்டையும் கடைசிக் கொலையும்தான் மனதில் தங்குகின்றன: தளபதி ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவுக்குக் காஸியோவோடு கள்ள உறவு என்று இயாகோ பொய் சொல்கிறான், அவளுடைய கைக்குட்டையைச் சான்றாக்குகிறான், அதை நம்பி ஒத்தெல்லோ அவளைக் கொல்கிறார். முதல் அங்கத்தை ஒரு முன்னுரை போல வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். என் கணக்கில் நாடகத்தின் மிகக் கூர்மையான பகுதி அதுதான். ஒரே இரவு, மூன்று காட்சிகள். ஒரு பொய் எந்த மண்ணில் முளைக்கிறது என்பதும், அதே பொய்யை எப்படி விசாரித்துத் தள்ளலாம் என்பதும் அங்கேயே இருக்கின்றன. படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

நாடகம் எந்தக் காலத்தது? பின்னணி என்ன?

1603, 1604 வாக்கில் எழுதப்பட்டது. 1604 நவம்பர் 1 அன்று லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன் நடிக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. முதல் அங்கம் வெனிஸ் நகரில் நடக்கிறது, மற்றவை சைப்ரஸ் தீவில். நிஜ வரலாற்றில் அந்தத் தீவை வெனிஸ் இழந்துவிட்டது: 1570இல் துருக்கியர் படையெடுத்தார்கள், 1571இல் பிடித்துவிட்டார்கள். நாடகம் பார்க்க வந்தவர்களில் விவரம் தெரிந்தவர்களுக்கு, ஒத்தெல்லோ காப்பாற்றப் போகிற தீவு கடைசியில் நிலைக்கவில்லை என்பது பழைய செய்தி.

அன்றைய வெனிஸ் குடியரசுக்குத் தன் தரைப்படைக்கு வெளியாட்களைத் தளபதியாக அமர்த்தும் வழக்கம் இருந்தது. ஒத்தெல்லோ அப்படி வந்தவர், கிறிஸ்தவராக மதம் மாறியவர். அவரை 'மூர்' என்கிறார்கள். வட ஆப்பிரிக்கரையும், பொதுவாகக் கறுப்பு நிறத்தவரையும் அன்றைய ஆங்கிலேயர் அப்படித்தான் குறிப்பிட்டார்கள். 1600இல் மொராக்கோ மன்னரின் தூதர் பரிவாரத்தோடு லண்டனுக்கு வந்து சில மாதங்கள் தங்கியிருந்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான், நாட்டில் இருக்கும் கறுப்பர்களை வெளியே அனுப்பச் சொல்லி எலிசபெத் அரசி கடிதம் எழுதியிருந்தார். தூதருக்கு விருந்து, வேலைக்காரருக்கு வெளியேற்றம். இரண்டையும் பார்த்த ஊருக்காகத்தான் இந்த நாடகம் எழுதப்பட்டது.

முதல் காட்சியில் நடப்பது என்ன?

நள்ளிரவு. வெனிஸ் தெருவில் ரோடரிகோவும் இயாகோவும் பேசிக்கொண்டே வருகிறார்கள். ரோடரிகோ பணக்கார இளைஞன், டெஸ்டிமோனாவை விரும்புகிறான். அவளை அடைய உதவுவதாகச் சொல்லி இயாகோ அவனிடம் பணம் கறந்துகொண்டிருக்கிறான். டெஸ்டிமோனா ஒத்தெல்லோவை ரகசியமாக மணந்துகொண்டாள் என்ற செய்தி வந்துவிட்டது. 'உனக்கு இது தெரிந்திருக்க வேண்டுமே' என்று ரோடரிகோ சண்டை பிடிக்கிறான். இயாகோ தன் குறையைக் கொட்டுகிறான்: நகரத்துப் பெரியவர்கள் மூன்று பேர் சிபாரிசு செய்தும் தனக்குத் துணைத் தளபதிப் பதவி கிடைக்கவில்லை, புத்தகக் கணக்கு மட்டும் தெரிந்த ஃப்ளாரன்ஸ்காரன் காஸியோவுக்குப் போய்விட்டது, தனக்குக் கிடைத்தது கொடி ஏந்தும் அதிகாரி வேலைதான். அப்புறம் இருவரும் டெஸ்டிமோனாவின் தந்தை பிரபான்சியோவின் வீட்டு வாசலில் நின்று கூச்சல் போட்டு அவரை எழுப்புகிறார்கள். பிரபான்சியோ ஆட்சி மன்ற உறுப்பினர், ஊரில் பெரிய புள்ளி.

முதல் காட்சியில் ஒத்தெல்லோவின் பெயரையே யாரும் சொல்வதில்லையே, ஏன்?

நல்ல கேள்வி. முதல் காட்சி முழுக்க 'அவன்', 'மூர்', 'தடித்த உதட்டுக்காரன்' என்றே போகிறது. இரண்டாம் காட்சியில் அவரே மேடையில் நிற்கிறார், அப்போதும் பெயர் வருவதில்லை. மூன்றாம் காட்சியில் வெனிஸின் தலைவரான டியூக் 'வீரம் மிக்க ஒத்தெல்லோ' என்று அழைக்கும்போதுதான் அந்தப் பெயரை முதல்முறை கேட்கிறோம்.

இதனால் பார்வையாளருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு மனிதரைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பற்றிய வசைகள் நம் காதில் விழுந்துவிடுகின்றன. வயதான கறுப்புக் கடா வெள்ளை ஆட்டின் மேல் ஏறுகிறது, உங்கள் மகளைக் குதிரை புணர்கிறது, பேரன்கள் உங்களைப் பார்த்துக் கனைப்பார்கள். இயாகோ இருட்டில் நின்று கத்தும் வார்த்தைகள் இவை. அவன் வாயில் ஒத்தெல்லோ மனிதராகவே வருவதில்லை. இப்படி ஒரு உருவத்தை மனதில் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறோம். இரண்டாம் காட்சியில் வருபவரோ நிதானமானவர், கண்ணியமாகப் பேசுபவர். அதுவரை கேட்டதை எந்த அளவு நம்பினோம் என்ற கேள்வி நம்மிடமே திரும்பி வருகிறது. அந்தக் கால லண்டன் மேடையில் கறுப்புப் பாத்திரங்கள் பெரும்பாலும் கொடியவர்களாகவே வந்தன என்பதால், அன்றைய பார்வையாளருக்கு இது இன்னும் பலமாக உறைத்திருக்கும்.

பிரபான்சியோ ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறார்?

முதலில் அவர் நம்பவே இல்லை. 'இது வெனிஸ், என் வீடு காட்டுக்குள் இருக்கும் பண்ணை வீடு அல்ல, இங்கே என்ன திருட்டு' என்று அதட்டுகிறார். ரோடரிகோவை அடையாளம் கண்டதும், 'என் வாசல் பக்கம் வராதே, என் மகள் உனக்கில்லை என்று முன்பே சொன்னேனே' என்கிறார். இயாகோவின் ஆபாசத்தைக் கேட்டு 'நீ அயோக்கியன்' என்கிறார். இயாகோ சளைக்காமல் 'நீங்கள் மன்ற உறுப்பினர்' என்கிறான்.

அவரை அசைப்பது ரோடரிகோவின் மரியாதையான பேச்சு. 'வீட்டுக்குள் தேடிப் பாருங்கள், அவள் இருந்தால் என் மேல் சட்டப்படி நடவடிக்கை எடுங்கள்' என்கிறான். உடனே விளக்கு ஏற்றச் சொல்கிறார் பிரபான்சியோ. மகளின் அறையைப் பார்க்கும் முன்பே ஒன்று சொல்கிறார்: 'இது என் கனவைப் போலவே இருக்கிறது, நம்பிக்கை ஏற்கெனவே என்னை அழுத்துகிறது.'

இந்தக் கனவுதான் எனக்கு முக்கியம். யாரும் சொல்லாமலே அந்தப் பயம் அவருக்குள் இருந்திருக்கிறது. இயாகோ புதிதாக எதையும் நட்டு வளர்க்கவில்லை. இத்தனைக்கும் பிரபான்சியோ ஒத்தெல்லோவின் எதிரி அல்ல. அவர் தன்னை நேசித்தார், அடிக்கடி வீட்டுக்கு அழைத்து வாழ்க்கைக் கதையைக் கேட்டார் என்று ஒத்தெல்லோவே பின்னால் சொல்கிறார். வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பது வேறு, பெண் கொடுப்பது வேறு என்ற கணக்கைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விருந்தாளியாக இருந்தவரை அவர் வீரர். மாப்பிள்ளை என்றதும் 'கரிபிடித்த நெஞ்சு' என்கிறார், 'மந்திரம் வைத்துவிட்டாய்' என்கிறார். அதுவரை வாசலுக்கே வரக்கூடாது என்று விரட்டிய ரோடரிகோவைப் பார்த்து, 'அவளை உனக்கே கொடுத்திருக்கலாமே' என்று புலம்புகிறார். முட்டாள் என்று அவருக்கே தெரிந்தவன், நிறம் சரியாக இருப்பதால் ஒரே நொடியில் மேலானவன் ஆகிவிடுகிறான்.

இயாகோவின் கோபத்துக்குக் காரணம் பதவி மட்டும்தானா?

பதவி என்று ரோடரிகோவிடம் சொல்கிறான். அங்கத்தின் முடிவில் தனியாக நிற்கும்போது வேறொன்று சொல்கிறான்: ஒத்தெல்லோ தன் மனைவியோடு படுத்ததாக ஊரில் பேச்சு இருக்கிறது, அது உண்மையா என்று தெரியாது, ஆனால் சந்தேகம் இருப்பதாலேயே உண்மை போல எடுத்துக்கொண்டு நடப்பேன் என்று. இந்தப் பேச்சைத்தான் கவிஞரும் விமர்சகருமான கோலரிட்ஜ், காரணமே இல்லாத கொடுமை தனக்கு ஒரு காரணத்தைத் தேடி அலைவது என்று குறிப்பெழுதினார்.

கோலரிட்ஜ் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். காரணங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பது சரி. ஆனால் காரணமே இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. போர்க்களத்தில் உழைத்தவனுக்குப் பதவி கிடைக்காத கசப்பு நிஜமானது. அந்தக் கசப்பு, தனக்கு மேலே ஒரு கறுப்பர் இருக்கிறார் என்ற ஆத்திரத்தோடு சேர்கிறது. காஸியோவையும் முதலில் வேற்றூரான் என்றுதான் குத்துகிறான். பிறந்த இடத்தை வைத்து ஆளைத் தாழ்த்துவது அவனுக்குக் கைவந்த பழக்கம்.

நான் மறக்காத இடம், 'சந்தேகமே போதும், உறுதியானது போல நடப்பேன்' என்ற வரி. மூன்றாம் அங்கத்தில் ஒத்தெல்லோவுக்குத் தொற்றும் நோய் இதுதான். அது முதலில் இயாகோவிடமே இருக்கிறது.

இயாகோ பொய் சொல்லும் முறையில் என்ன தனித்தன்மை?

அவன் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. டெஸ்டிமோனா வீட்டில் இல்லை, உண்மை. திருமணம் நடந்துவிட்டது, உண்மை. அந்த உண்மைக்கு அவன் போடும் உடைதான் பொய். விருப்பத்தோடு நடந்த கல்யாணத்தைத் திருட்டு என்றும் மிருகப் புணர்ச்சி என்றும் காட்டுகிறான். தகவலைச் சரிபார்க்கப் போகிறவர் தகவல் சரி என்று கண்டதும், அதோடு ஒட்டி வந்த அருவருப்பையும் சரி என்று எடுத்துக்கொள்கிறார். பிரபான்சியோவுக்கு நேர்வது இதுதான்.

இரண்டாவது, அவன் அகப்படும் இடத்தில் நிற்பதில்லை. வாசலில் கத்துவது இயாகோ, பெயர் சொல்லி முன்னால் நிற்பது ரோடரிகோ. பிரபான்சியோ இறங்கி வருவதற்குள் இயாகோ நழுவி ஒத்தெல்லோவிடம் போய்ச் சேர்கிறான். அங்கே போய், 'உங்களைப் பற்றி ஒருவன் கேவலமாகப் பேசினான், விலாவில் குத்தலாம் என்று ஒன்பது பத்து முறை நினைத்தேன்' என்கிறான். பேசியவன் அவனேதான்! அதே காட்சியில் இரண்டு முகம் கொண்ட ரோமானியத் தெய்வமான ஜேனஸின் மேல் ஆணையிடுகிறான்.

மூன்றாவது, ஆளுக்குத் தக்கபடி பேச்சு. தந்தையிடம் ஆபாசம், தளபதியிடம் விசுவாசம், ரோடரிகோவிடம் நண்பனின் புத்திமதி. 'நான் வெளியே தெரிபவன் அல்ல' என்று ரோடரிகோவிடம் வாய்விட்டே சொல்கிறான். அதைக் கேட்ட பிறகும் ரோடரிகோ தன்னிடம் மட்டும் அவன் உண்மையாக இருப்பதாக நினைக்கிறான்.

ரோடரிகோ வெறும் முட்டாளா?

முட்டாள்தான். ஆனால் அவன் ஏமாறுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 'மூர்களின் மனம் நிலையாக இருக்காது, அவளும் சீக்கிரம் சலித்துப்போவாள், பணத்தைத் திரட்டி வைத்துக்கொள்' என்று இயாகோ திரும்பத் திரும்பச் சொல்கிறான். இப்படி ஒரு திருமணம் இயற்கைக்கு மாறானது, நிலைக்காது என்று ரோடரிகோ ஏற்கெனவே நம்புவதால்தான் அது எடுபடுகிறது. நிலத்தை விற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

ஒத்தெல்லோ முதல் அங்கத்தில் அப்பாவியாக வருகிறாரா?

இல்லை. முதல் அங்கத்து ஒத்தெல்லோவை அப்பாவி என்று நடிக்கிறவர்கள் நாடகத்தைக் கெடுத்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து. பிரபான்சியோவின் ஆட்கள் வாளோடு வருகிறார்கள். ஒளிந்துகொள்ளச் சொல்கிறான் இயாகோ. 'என்னை அவர்கள் பார்க்கத்தான் வேண்டும்' என்று நிற்கிறார் ஒத்தெல்லோ. இரு தரப்பும் வாளை உருவியதும், 'பளபளக்கும் வாள்களை உறையில் போடுங்கள், பனி பட்டால் துருப்பிடிக்கும்' என்கிறார். ஒரே வரியில் தெருச் சண்டை அடங்கிவிடுகிறது. தான் அரச குலத்தில் பிறந்தவர் என்பது அவருக்குத் தெரியும், அதைப் பறைசாற்றவில்லை. வெனிஸுக்குத் தான் செய்த சேவை பேசும் என்று நம்புகிறார்.

அந்த நம்பிக்கையில்தான் பலவீனமும் இருக்கிறது. தன் நேர்மை வெளியே தெரியும் என்று நினைப்பவர், மற்றவர்களின் நேர்மையும் அப்படியே தெரியும் என்று நினைக்கிறார். நேர்மையாகத் தோன்றுகிறவனை நேர்மையானவன் என்றே நினைக்கும் திறந்த மனசு என்று இயாகோ அவரைச் சரியாக அளந்துவிடுகிறான். நாடகத்தில் ஒத்தெல்லோவைப் பற்றிய நல்ல வார்த்தைகளில் சில, அவரை அழிக்கப் போகிறவன் வாயிலிருந்து வருகின்றன.

மன்றக் காட்சியில் துருக்கிக் கப்பல் கணக்கு எதற்கு?

பல மேடையேற்றங்களில் வெட்டிவிடும் பகுதி இது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம், ஏனென்றால் முதல் அங்கத்தின் சாவி இங்கேதான் இருக்கிறது.

மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் 107 போர்க்கப்பல், டியூக்கிடம் உள்ளதில் 140, இன்னொன்றில் 200. எண்கள் மாறினாலும் எல்லாமே சைப்ரஸை நோக்கி ஒரு கப்பற்படை வருகிறது என்று சொல்வதால் விஷயத்தை ஒதுக்க முடியாது என்கிறார்கள். அடுத்து ஒரு மாலுமி வந்து, துருக்கியர் ரோட்ஸ் தீவுக்குப் போகிறார்கள் என்கிறான். ஒரு உறுப்பினர் உடனே மறுக்கிறார்: துருக்கிக்கு ரோட்ஸைவிட சைப்ரஸ் முக்கியம், சைப்ரஸில் காவலும் குறைவு, ஆகவே இது நம் கண்ணைத் திருப்பப் போடும் வேடம். சற்று நேரத்தில் இன்னொரு தூதன் வருகிறான். ரோட்ஸ் அருகே மேலும் 30 கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு படை சைப்ரஸ் பக்கம் திரும்பிவிட்டதாம்.

ஒரு ஏமாற்று வேலை இப்படித்தான் பிடிபடுகிறது. பல வாய்ச் செய்திகளை ஒப்பிடுகிறார்கள், அடுத்த செய்திக்குக் காத்திருக்கிறார்கள், எதிரிக்கு என்ன லாபம் என்று கேட்கிறார்கள். சில நிமிடங்களில் பிரபான்சியோ உள்ளே வந்து, மகளை மருந்தும் மந்திரமும் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுகிறார். டியூக் அதே முறையைத் தொடர்கிறார். 'சொல்வது ஆதாரம் ஆகாது' என்கிறார். குற்றம் சாட்டப்பட்டவரைப் பேசவிடுகிறார்கள், டெஸ்டிமோனாவை வரவழைத்துக் கேட்கிறார்கள். தன் பிடிபட்ட கதையை, அடிமையாக விற்கப்பட்டதை, பார்த்த நாடுகளை அவள் ஆசையோடு கேட்டதைச் சொல்கிறார் ஒத்தெல்லோ. 'நான் கடந்து வந்த ஆபத்துகளுக்காக அவள் என்னை நேசித்தாள், அவற்றுக்காக அவள் இரங்கியதால் நான் அவளை நேசித்தேன்.' இந்தக் கதை என் மகளையும் வென்றுவிடும் என்கிறார் டியூக்.

இப்போது மூன்றாம் அங்கத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே குற்றம் சாட்டுபவன் ஒருவன், நீதிபதி ஒருவர். காஸியோவை யாரும் கூப்பிடவில்லை. டெஸ்டிமோனாவுக்கு என்ன குற்றம் என்றே வெகுநேரம் தெரியாது. தனக்கு வெனிஸ் கொடுத்த விசாரணையைத் தன் மனைவிக்கு ஒத்தெல்லோ கொடுக்கவில்லை. முதல் அங்கத்தை ஊன்றிப் படித்தவருக்குத்தான் அந்தக் கொடுமையின் முழு அளவு தெரியும்.

அப்படியானால் மன்றத்தில் நிறவெறி இல்லை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. குற்றவாளி யார் என்று தெரியும் முன், 'என் சொந்த மகனாக இருந்தாலும் சட்டம் பாயும்' என்கிறார் டியூக். ஒத்தெல்லோ என்று தெரிந்ததும் எல்லோரும் 'வருத்தமாக இருக்கிறது' என்கிறார்கள். கப்பற்படை வாசலில் நிற்கிறது, தளபதி தேவைப்படுகிறார். துருக்கியர் அன்று வராமல் இருந்திருந்தால் தீர்ப்பு எப்படிப் போயிருக்கும்? நாடகம் பதில் சொல்லவில்லை. கடைசியில் பிரபான்சியோவைத் தேற்ற, 'உங்கள் மருமகன் கறுப்பைவிட வெண்மையே அதிகம்' என்கிறார் டியூக். பாராட்டுதான், ஆனால் நல்லது என்றால் வெள்ளை என்ற அளவுகோல் அங்கேயும் மாறவில்லை. முறை நியாயமாக இருந்தது, மனங்கள் அப்படியேதான் இருந்தன.

டெஸ்டிமோனா ஏமாற்றினாள் என்பது சரியா?

தந்தைக்குச் சொல்லாமல் மணந்தாள், அது உண்மை. ஆனால் சபையில் அவள் பேசுவதில் மறைப்பு எதுவும் இல்லை. 'எனக்குக் கடமை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. என் தாய் தன் தந்தையைவிட உங்களை மேலாக வைத்தது போல நான் என் கணவரை வைக்கிறேன்' என்கிறாள். ஒத்தெல்லோவின் முகத்தை அவர் மனதில் கண்டேன் என்கிறாள். போருக்கு அவரோடு தானும் வருவதாகக் கேட்கிறாள். இவ்வளவு தைரியமானவள் பின்னால் அடங்கிப் போகிறாளே என்று பலர் குறைப்படுகிறார்கள். தன் பேச்சைக் கேட்க ஒரு சபை இருந்தபோது அவள் பேசினாள் என்று அதற்குப் பதில் சொல்வேன்.

போகும்போது பிரபான்சியோ ஒரு விஷத்தை விட்டுச் செல்கிறார்: 'மூரே, கண்ணிருந்தால் அவளைக் கவனித்துக்கொள். தந்தையை ஏமாற்றினாள், உன்னையும் ஏமாற்றலாம்.' 'அவள் நேர்மைக்கு என் உயிரே பிணை' என்கிறார் ஒத்தெல்லோ. அடுத்த மூச்சிலேயே அவளைச் சைப்ரஸுக்கு அழைத்து வரும் பொறுப்பை 'நேர்மையான இயாகோ'விடம் ஒப்படைக்கிறார், அவன் மனைவியைத் துணைக்கு வைக்கச் சொல்கிறார். மூன்றாம் அங்கத்தில் 'உங்களை மணந்தபோது தந்தையை ஏமாற்றினாளே' என்று இயாகோ அதே வாக்கியத்தை எடுத்து வீசுகிறான். தந்தையின் கோபம் மருமகனைக் கொல்லும் ஆயுதமாக ஆகிறது. தந்தையும் துக்கத்திலேயே இறந்துபோனார் என்று கடைசிக் காட்சியில் கேள்விப்படுகிறோம்.

மூலக்கதையில் இதெல்லாம் உண்டா?

பெரும்பாலும் இல்லை. இத்தாலியரான சிந்தியோவின் 1565ஆம் ஆண்டுக் கதைத் தொகுப்பிலிருந்து கதை எடுக்கப்பட்டது. அதில் பெண்ணுக்கு மட்டும்தான் பெயர் உண்டு. கொடி ஏந்துபவன் அவளை விரும்பி, கிடைக்காததால் பழிவாங்குகிறான். நள்ளிரவுக் கூச்சல், ரோடரிகோ, மன்ற விசாரணை எல்லாம் ஷேக்ஸ்பியர் சேர்த்தவை.

முதல் அங்கம் இல்லாமலே நாடகம் நடக்காதா?

நடக்கும் என்றவர்கள் உண்டு. சைப்ரஸிலேயே தொடங்கியிருந்தால் இலக்கணச் சுத்தமான நாடகமாக இருந்திருக்கும் என்று 18ஆம் நூற்றாண்டு விமர்சகர் சாமுவேல் ஜான்சன் கருதினார். வெர்டியின் 1887ஆம் ஆண்டு இசை நாடகம் முதல் அங்கத்தை விட்டுவிட்டுப் புயலோடு தொடங்குகிறது. இசையாக அது மகத்தானது. ஆனால் அந்த ஒத்தெல்லோ எந்த ஊரில் அந்நியராக நின்றார், என்னென்ன பேச்சுக்களைத் தாண்டி வந்தார் என்பது அதில் மெலிந்துவிடுகிறது.

எந்தப் பதிப்பைப் படிக்கலாம்?

நாடகத்துக்கு இரண்டு பழைய அச்சுகள் உண்டு: 1622இல் வந்த சிறு பதிப்பு, 1623இல் வந்த முழுத் தொகுப்பு. இரண்டாவதில் ஏறத்தாழ 160 வரிகள் கூடுதல். இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே தருகின்றன. முதல் காட்சியில் பிரபான்சியோவிடம் ரோடரிகோ பேசும் நீண்ட பேச்சின் பெரும்பகுதி 1623ஆம் ஆண்டு அச்சில் மட்டுமே இருக்கிறது. ஒத்தெல்லோவை 'இங்கும் எங்கும் சுற்றித் திரியும் அந்நியன்' என்று அவன் சொல்வது அந்த வரிகளில்தான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், ஐயா போட்டுச் சொல்கிறான். அந்தப் பகுதி உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.